நகக்கண்ணில் கட்டிய இரத்தம்

பிரிக்க இயலாத உறவுக்கு உவமை சொல்ல நேர்ந்தால் "நகமும் சதையும் போல" என்பது நம்மவர் வழக்கு. அத்துணை நெருங்கிய இரண்டுக்கும் இடையே ஒரு துளி இரத்தம் புகுந்துவிட்டால் நேரும் வேதனை எத்தகையது என்பதைக் கதவிடுக்கிலோ கல்லுக்கு அடியிலோ ஒருமுறை விரலைக் கொடுத்தவர்களே அறிவார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற முதுமொழியோடு நசுங்கிய விரலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விரல் நுனியில் ஒரு கருமை. அதற்கு ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் முறுவலிக்கக்கூடும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அவற்றைச் சூழ்ந்த மலைகளிலும் வாழும் எம்மவர் அவ்விதம் முறுவலிக்கமாட்டார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுவது பெருவிரலும் சுட்டுவிரலும் கூடிச் செய்யும் வேலை. கவ்வாத்துக் கத்தி பிடிப்பதும், முள்ளுக் குத்துவதும், ஆலையில் இயந்திரத்தின் அருகே நின்று பணிபுரிவதும் விரல்களின் வலிமையாலேயே நடைபெறுகின்றன. பத்து விரல்களை நம்பி அடுப்பெரியும் வீட்டில் ஒரு விரல் நசுங்குவது சிறிய செய்தி அன்று.

எமது இளமைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூறுவது பொருந்தும். ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில், லயத்தின் கோடிக் காம்பராவில் நாம் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எம் தமக்கையார் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். இரும்பு ஆப்பை இடக்கையால் பிடித்துக்கொண்டு, கோடரியின் பின்புறத்தால் அதனை அடித்தார். மழையில் நனைந்திருந்த பிடி வழுக்கிற்று. அடி ஆப்பில் விழாமல் பெருவிரலில் விழுந்தது. தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு இரத்தமும் வெளியே வரவில்லை. "ஒன்றுமில்லை" என்று கூறி எழுந்து போய்ச் சோறு வடித்தார். விளக்கேற்றும் நேரத்துக்குள் நகம் நீலம் பாரித்து, பிறகு நாவற்பழம் போலக் கறுத்துவிட்டது.

அன்றிரவு அவர் உறங்கவில்லை. விரல் விண் விண்ணென்று தெறிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு சுவரோரம் அமர்ந்திருந்தார். அப்பாயி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். அடுத்த காம்பராவிலிருந்து வந்த ஒருவர் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகச் சொன்னார். வேறொருவர், ஊசியை நெருப்பில் காட்டி நகக்கண்ணில் குத்தினால் கெட்ட இரத்தம் போய்விடும் என்றார். தமக்கையாரின் கவலையோ இவை எவற்றிலும் இல்லை. "காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாதே" என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. தோட்டத்து வழக்கில் பேர் என்பது ஒரு நாட்சம்பளம் என்பதை வெளியூர் வாசகர்கள் அறிந்துகொள்வார்களாக.

விடிந்ததும் எம் தந்தையார் அவரைப் பெரட்டுக் களத்துக்கு அனுப்பாமல் தோட்டத்து மருந்துச்சாலைக்கு அழைத்துச் சென்றார். நாமும் பின்னே ஓடினோம். அங்கிருந்த டிஸ்பென்சர் ஐயா விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், நுனியைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு காகிதம் கோக்கும் கம்பியொன்றை நிமிர்த்தி, ஸ்பிரிட் விளக்கில் அதன் முனையைச் செந்நிறமாகக் காய்ச்சினார். அதைக் கண்ட அப்பாயி ஐயோவென்று அலறிவிட்டார். "நகத்துக்கு நோவு தெரியாது பிள்ளை; நோவெல்லாம் அதற்குக் கீழேதான். கையை மட்டும் ஆட்டாதே" என்றார் ஐயா. மயிர் பொசுங்கினாற்போல ஒரு நாற்றம், மெல்லிய புகை, நகத்தின் நடுவிலிருந்து கருஞ்சிவப்பாய் இரத்தம் குமிழியிட்டது. கண்களை இறுக மூடியிருந்த தமக்கையார், "எப்போது ஐயா சுடுவீர்கள்?" என்று கேட்டார். எல்லாம் முடிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் ஐயா. வீடு திரும்பிய தமக்கையார் அன்று பகல் முழுவதும் உறங்கினார்.

அதே தோட்டத்தில் வேறொருவருக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் நீரிழிவுள்ளவர். நசுங்கிய விரலைத் தாமே ஊக்கினால் நகத்தின் ஓரம் வழியாகக் குத்திக்கொண்டார். மூன்றாம் நாள் சீழ் வைத்தது. நாணிப் பலரிடம் காட்டாதிருந்தார். எலும்புவரை புரையோடிய பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றார். விரலின் கடைசிக் கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு கவ்வாத்துக் கத்தி அவர் கையில் முன்போல் நிற்கவில்லை. இருவர் விரலிலும் கட்டியது ஒரே இரத்தந்தான். முடிவு மாறியதற்குக் காரணம், துளையிட்டது யார், எப்போது, எதைக்கொண்டு என்பதே.

நகத்தின் அடியில் நடப்பது என்ன?

நகம் என்பது கெராற்றின் என்னும் பொருளாலானது. மயிரும் அதனாலேயே ஆனது. அதில் நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை. ஆகையினால்தான் நகத்தையும் மயிரையும் வெட்டும்போது நமக்கு நோவதில்லை. ஆனால் நகம் படிந்திருக்கும் சதைப்பகுதியோ நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் செறிந்தது. அச்சதைக்கு நேர் கீழே விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. இடையில் மெத்தை போன்ற கொழுப்பு எதுவும் இல்லை.

விரல் நசுங்கும்போது அச்சதையிலுள்ள குழாய்கள் அறுந்து இரத்தம் கசிகிறது. மேலே கடினமான நகம், கீழே எலும்பு. வெளியேற வழியின்றிச் சிறைப்பட்ட இரத்தம் நரம்புகளை அழுத்துகிறது. இதயம் துடிக்கும்தோறும் அவ்வழுத்தம் கூடிக் குறைவதால்தான் நாடித் துடிப்போடு ஒத்து விரல் விண் விண்ணென்று தெறிக்கிறது. கையைத் தொங்கவிட்டால் நோவு மிகுவதும், உயர்த்திப் பிடித்தால் சற்றே தணிவதும் இதனாலேயே.

இன்னொன்று. நகச்சுற்று என்பது வேறு, இது வேறு. நகச்சுற்று நகத்தின் ஓரத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டுவது. நாம் பேசுவது அடிபட்டுக் கட்டிய இரத்தம். எலுமிச்சம்பழத்தைச் செருகுவதால் இந்த இரத்தம் வெளியேறப் போவதில்லை.

வீட்டில் செய்யத் தக்கவை

அடிபட்ட உடனே மோதிரம் இருந்தால் கழற்றிவிடுக. வீக்கம் ஏறிய பின்னர் அது விரலை நெரிக்கும். வெட்டி எடுக்க வேண்டி நேரும். அடுத்து, குளிர்ந்த நீரில் விரலைப் பிடிக்க வேண்டும். எமது மலைநாட்டில் பீலித் தண்ணீரின் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றி, 10 அல்லது 15 நிமிடங்கள் ஒற்றலாம். நேரே தோலில் வைத்தலாகாது. தோல் கிழிந்திருந்தால் ஓடும் சுத்தமான நீரில் கழுவி, தூய துணியால் மூடி, இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்துக்கொள்க; இரவில் தலையணையின்மேல் வைத்துப் படுக்கலாம். நோவு தணிய, வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் வில்லைகளுள் ஒன்றோ இரண்டோ உட்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளில் எட்டு வில்லைகளுக்கு மேற்படலாகாது. ஈரல் நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்களின் நிறைக்கேற்ற அளவை மருந்துச்சாலையில் கேட்டறிந்தே கொடுத்தல் வேண்டும். அஸ்பிரின் வேண்டா, அது இரத்தக் கசிவை மிகுவிக்கும், பிள்ளைகளுக்கோ வேறு தீங்கும் செய்யக்கூடும். அதனை ஏற்கெனவே இதய நோய்க்காக வைத்தியர் சொற்படி உட்கொள்பவர்கள் தாமே நிறுத்திவிடாமல், அதனை வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், சாணம், சுண்ணாம்பு, தேயிலைத் தூள், சூடான எண்ணெய் ஆகிய எதனையும் விரலில் இடாதிருப்பதே நன்று. மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமி வாழ்கிறது. தோல் கிழிந்திருந்தால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி அவசியம் கேட்க வேண்டும். இலங்கையில் பிள்ளைகளுக்கு 2, 4, 6, 18 ஆம் மாதங்களிலும், 5 வயதிலும், 11 வயதளவில் பாடசாலையிலும் இத்தடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது. அந்த ஊசிப் பதிவட்டையைத் தாய்மார் பத்திரப்படுத்தி, காயமுற்ற பிள்ளையுடன் எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பேருதவியாகும்.

சூட்டுக் கம்பியின் சூட்சுமம்

நகத்தின் கீழ் சிறு கருமை மட்டும் இருந்து, நோவும் பொறுக்கத்தக்கதாயின் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உடல் தானே அதனைச் சரிசெய்துகொள்ளும். நோவு பொறுக்க முடியாததாகி, உறக்கத்தையும் கெடுக்குமாயின் துளையிடுதலே தீர்வு. காய்ச்சிய கம்பி, மின்னாற் சூடேறும் சிறு கருவி, கிருமி நீக்கிய ஊசியை நகத்தின்மேல் நிறுத்தி மெல்லச் சுழற்றுதல் என இதற்கு வழிகள் பல. நகத்தில் நரம்பில்லாமையால் அதனைத் துளைப்பது நோவதில்லை. சூடான முனை நகத்தைக் கடந்து இரத்தத்தைத் தொட்டவுடன் குளிர்ந்துவிடுவதால் கீழுள்ள சதையும் சுடுவதில்லை. எம் தமக்கையார் வியந்ததன் காரணம் இதுவே.

அப்படியாயின் இதனை வீட்டிலேயே செய்துவிடலாமே என்று துணிவுள்ள இளைஞர் எண்ணலாம். அது தகாது. ஆழம் அறியாத கை சற்று அழுத்தினாலும் நகச்சதை புண்ணாகும். அடுப்பில் காட்டிய ஊக்கு கிருமியற்றதென்று கொள்ளவும் முடியாது. ஸ்பிரிட் பூசிய விரலின் அருகே நெருப்பைக் கொண்டுசென்றால் பற்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, நகம் கறுக்கும் அளவுக்கு நசுங்கிய விரலில் எலும்பும் முறிந்திருத்தல் அரிதன்று. முறிவிருப்பது அறியாமல் துளையிட்டால் கிருமி எலும்புவரை செல்ல வழி திறந்ததாகும். ஆதலால்தான் வைத்தியர் முதலில் விரலைச் சோதிக்கிறார். ஐயமிருப்பின் எக்ஸ்ரே எடுக்கிறார்.

காலமும் முக்கியம். ஓரிரு நாட்களுக்குள் இரத்தம் உறைந்துவிடும். அதன்பின் துளையிட்டாலும் பெரிதாக வெளிவராது. அடிபட்ட அன்றே அல்லது மறுநாளே செல்வது பயன் தரும்.

நகத்தில் பாதிக்கு மேல் கறுத்திருந்தால் நகத்தைப் பிடுங்கிச் சதையைத் தைத்தே தீரவேண்டும் என்பது ஒரு காலத்தில் வைத்தியர்கள் பலர் கைக்கொண்ட விதி. 1999 ஆம் ஆண்டில் ரோசர், கெல்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், இவ்வாறு அடிபட்ட 52 பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அவ்விதியைத் தளர்த்திற்று. நகமும் அதன் ஓரங்களும் சிதையாதிருந்தால், கருமை எவ்வளவு பெரிதாயினும், துளையிடுவதாலேயே நகத்தைப் பிடுங்கித் தைத்ததற்கு ஒப்பான நலம் கிடைத்ததை அவர்கள் கண்டார்கள். நகத்தால் கிள்ளுவதைக் கோடரி கொண்டு வெட்டுவானேன் என்ற நம் பழமொழி இங்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது!

துளையிட்ட பின் விரலை உலர்வாக வைத்துச் சுத்தமான கட்டுப் போட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு நாட்களாவது நீரில் ஊறவிடலாகாது. துணி துவைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏற்றுக்கொள்வது அக்காலத்தில் அவர்கள் செய்யக்கூடிய மேலான மருத்துவம்.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று தென்படினும் மருந்துச்சாலையோடு நில்லாமல் வைத்தியசாலைக்குச் செல்க: விரல் நுனி கோணியிருத்தல், கடைசிக் கணுவை நீட்டவோ மடக்கவோ இயலாமை, நுனி மரத்து வெளிறிப்போதல், நகம் வேரிலிருந்து பெயர்ந்திருத்தல் அல்லது பிளந்திருத்தல், ஆழ்ந்த வெட்டு, நிற்காத இரத்தம். சில நாட்களின் பின் செம்மை படர்தல், சீழ், காய்ச்சல், தணிந்த நோவு மீண்டும் மிகுதல் ஆகியன கிருமி புகுந்ததன் அடையாளங்கள். நீரிழிவுள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், சிறு பிள்ளைகளும் எவ்வாறாயினும் காட்டியே ஆகவேண்டும்.

இயந்திரத்தில் அகப்பட்டு விரல் நுனி துண்டாகிவிட்டால், அத்துண்டை நீரில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் காயமுற்றவருடன் அனுப்ப வேண்டும். துண்டு பனிக்கட்டியை நேரே தொடலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிவடைந்தது. ஹட்டன் பகுதியினருக்கு டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை அண்மையில் உள்ளது. இந்திய உதவியுடன் 150 படுக்கைகளோடு அமைக்கப்பட்ட அதன் புதிய கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது.

நகம் ஒரு நாட்காட்டி

கறுத்த நகம் சில வாரங்களில் தளர்ந்து விழக்கூடும். அஞ்ச வேண்டா, இழுத்துப் பிடுங்கவும் வேண்டா. அதன் கீழே புதிய நகம் வந்துகொண்டிருக்கும். கைந்நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். முழு நகமும் புதிதாக வர ஆறு மாதமளவு செல்லும். கால் நகத்துக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நகத்தின் அடியிலுள்ள வேர் சிதைந்திருந்தால் மட்டும் புதிய நகம் வரம்பு விழுந்தோ பிளந்தோ வளரும்.

மாணவர்களுக்கு ஒரு சுவையான செய்தி. அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீன் என்பவர் 1941 முதல் மாதந்தோறும் தம் பெருவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அது நுனியை அடைய எத்தனை நாள் செல்கிறதென்று 35 ஆண்டுகள் குறித்துவந்தார். 32 ஆவது வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றராக இருந்த வளர்ச்சி, 67 ஆவது வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பொறுமை ஒன்றையே முதலாகக் கொண்டு செய்த ஆராய்ச்சி இது. உங்கள் வீட்டில் எவருக்கேனும் நகம் கறுத்திருந்தால், அடிக்கோலால் மாதமொருமுறை அளந்து குறித்துப் பாருங்கள். கருமை நுனியை நோக்கி நகர்ந்து செல்வதைக் காண்பீர்கள். இவ்வளவை விளையாட்டாக மட்டும் கொள்ள வேண்டா. அடிபட்ட நினைவே இல்லாமல் தோன்றிய கருமையும், மாதங்கள் சென்றும் இடம் பெயராத கருங்கோடும் தோற் புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும். வைத்தியரிடம் காட்டத் தயங்கலாகாது.

பேர் விழாதே என்ற அச்சம்

மருந்தும் முறையும் கூறிவிட்டோம். ஆயினும் எம் தமக்கையார் அன்றிரவு கூறிய சொல் இன்னும் எம் செவியை விட்டு அகலவில்லை. கொழுந்தின் நிறையோடு கூலி பிணைந்திருக்கும் இடத்தில், நிறை குறைந்தால் அரைப்பேர், வராவிட்டால் அதுவுமில்லை. அந்த அச்சத்தினால் விரலைத் துணியில் சுற்றி மறைத்துக்கொண்டு மலைக்குச் செல்பவர்கள் உண்டு. நகம் காட்டும் கருமையைவிட இந்த மறைப்பே கொடியது.

தோட்டங்களில் வைத்திய வசதி செய்து கொடுக்க வேண்டும் என்பதற்கு 1872 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1912 இல் அது விரிவாக்கப்பட்டது. வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் காயத்துக்கு நட்டஈடு பெறும் உரிமையை 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வழங்கிற்று. விரல் இழப்பும் அதன் அட்டவணையில் இடம்பெறுகிறது. ஆனால் காயத்தை மறைத்தவருக்குச் சட்டம் எவ்வாறு துணை நிற்கும்? மலையிலோ ஆலையிலோ அடிபட்டால் அன்றே கங்காணியாரிடமோ உத்தியோகத்தரிடமோ கூறி, பதிவு செய்வித்தல் வேண்டும். சிறிய காயந்தானே என்று விட்டது பின்னர் பெரிதாகுமாயின், அந்த ஒரு வரிப் பதிவே சான்றாகும். மேற்பார்வை செய்வோரும், மருந்துச்சாலைக்குச் சென்று வரும் ஒரு மணி நேரத்தைப் பெரிதாக எண்ணாதிருத்தல் அறம். அந்த ஒரு மணி நேரம் பல மாத வேலையைக் காக்கும்.

எம் தமக்கையாருக்கு அன்று ஒரு நாட்பேர் போயிற்று. நாலாம் நாள் கட்டுப் போட்ட விரலோடு மீண்டும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார். அதன் பின் முப்பது ஆண்டுகள் அதே விரலால் கொழுந்து கிள்ளினார். இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடசாலைக்குச் செல்கிறார்கள். நகத்தில் ஒரு வடுவும் இல்லை.